சரளை ஓடையின் நீருண்ணிகள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, விளக்குப் பக்கமாகவே உட்காருங்கள். சின்னக் கதைதான். கடுகைவிடச் சிறிய உயிர்களைப் பற்றியது. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள். ஓடைச் சரளைக்குள் வாழும் நீருண்ணிகளை, மாட்டுண்ணிக்கு உறவான எட்டுக் கால் உயிர்களைப் பார்த்து, இது இன்ன இனம் என்று பிரித்து வைப்பது அவள் பிழைப்பு. அமிலத்தில் ஊறப்போட்டு, உள்ளிருப்பதெல்லாம் கரைந்ததும் மிஞ்சும் தோலைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, வயிற்றுத் தகட்டையும் வாய்க் கொக்கியையும் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து மரத்துப்போயிருந்தது. கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் உறுத்தியது. சரளையைத் தோண்டிக் கொண்டுவந்து கொடுப்பது அவளுடைய அக்கா. வீட்டில் அவர்கள் இருவர்தான். அக்காவை விட்டால் அவளுக்கு வேறு நாதி இல்லை.

இந்த முறை வந்த சரளையில் ஏதோ சரியில்லை. வளர்ந்தவை ஏராளம், இருட்டில் வாழ்ந்தே கண் இல்லாமல் போன, வெளுத்த உண்ணிகள். குஞ்சு மட்டும் ஒன்றுகூட இல்லை. நீருண்ணிக் குஞ்சுக்கு ஆறே கால்; அது தண்ணீரை விட்டு வெளியேறும் ஏதாவதொரு பூச்சியின் உடம்பில் தொற்றிக்கொண்டு போகும். வயிறு நிறைந்தபின், அந்தப் பூச்சி மறுபடி தண்ணீருக்கு வரும்போது உதிர்ந்துவிடும். ஓடையில் பிடித்த தும்பி, கொசு, ஈ எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டாள். எல்லாம் சுத்தம்.

அப்படியென்றால் அவை எதன்மேல் ஏறிப் போகின்றன?

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினாள். அடுக்களையில் விளக்குப் போடாமல், வாளித் தண்ணீரில் இரண்டு கால்களையும் விட்டபடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இது, வாளிக்குள்ள குடித்தனமா?"

"குளுகுளுன்னு இருக்குடி. தண்ணி உன் பூச்சிங்களுக்கு மட்டும்தான் சொந்தமா?"

"பிடரிய ஏன் அப்படிச் சொறியுற?"

"பேன் ஏதாச்சும் இருக்கும். உன்கிட்டதான் பூதக்கண்ணாடி இருக்கே, பாரேன்."

"நாளைக்குப் பாக்கறேன்க்கா. இன்னைக்கு இன்னொரு பூச்சிக் காலை எண்ண எனக்குத் தெம்பில்ல."

அக்கா சிரித்தாள். அவளும் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பதும், நனைந்த கல்லின் வாடை கதவிடுக்கு வழியாக மெல்ல மெல்ல உள்ளே வருவதும் அவள் அரைத்தூக்கத்துக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. எழுந்து பார்க்கத்தான் உடம்பு வணங்கவில்லை.

விடியும் நேரத்தில் சத்தம் நின்றிருந்தது.

அக்காவின் படுக்கை காலி. தலையணை ஈரம். ஈரத்தில் மணி மணியாகச் சிவப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஆறு கால். குஞ்சு. வயிறு நிறைந்த குஞ்சு.

வாசல் கதவு திறந்து கிடந்தது.

ஓடினாள். செருப்பில்லாமல். ஓடைவரைக்கும்.

ஆழமில்லாத தண்ணீரில் அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். பிடரியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு நீரோடு போய்க்கொண்டிருந்தது. போர்வையை இழுத்துக்கொள்பவள்போல, தன் கையாலேயே சரளையை அள்ளி அள்ளி மார்மேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

"வெளிச்சம் கண்ணக் கூசுதுடி. கொஞ்சம் தூங்கிக்கறேன்."

கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அடியிலிருந்து யாரோ பிடித்திருக்கும் கனம்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். ஓடை நெடுக மேடுகள். சரளை மேடுகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். பக்கம் பக்கமாக. அவற்றில் ஒன்று, தூக்கத்தில் புரள்வதுபோல, மெதுவாகப் புரண்டு படுத்தது.

"நீயும்தான் களைச்சுப்போயிட்டே," என்றாள் அக்கா.

சற்று ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டாள்.

போதும் கண்ணுகளா. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் படுப்பவர்கள் எல்லாரும், படுத்த இடத்திலேயே கண்விழிக்கட்டும்.