வேலிக்கு வெளியே நட்ட முளைகள்

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து நான்காம் ஆண்டு, கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், நிக்கொலஸ் மண் குத்தும் இரும்பு அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு, புத்தளத்தில் கடல்நீர் ஏறிக் கிடக்கும் களப்போரத்துப் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஒல்லாந்தர் காலத்து வீடு. யுத்தம் வந்ததும் பட்டாளம் எடுத்துக்கொண்டது; வெள்ளைக்காரத் துரை ஒருவர் பொறுப்பாக இருந்தார். குசினிக் கழிவுநீர் களப்புக்குப் போக, வீட்டைச் சுற்றிய வளவுக்குள்ளால் ஒரு கான் வெட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இறங்குதுறையிலிருந்து விமானத் திடலுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் குழாய் அந்தப் பக்கத்தில்தான் புதைந்திருந்தது. குழாய்க்கு இரண்டு முழத்துக்குள் வந்துவிட்டால் அலவாங்கைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு தேங்காய்ச் சிரட்டையால்தான் மண்ணை வழிக்க வேண்டும். அங்கே மண் வெட்டும் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. குழாய் போகும் வழிக்கு அடையாளமாக வெள்ளைத் துணி கட்டிய மரமுளைகள் நட்டிருந்தார்கள். அவை வேலிக்கு வெளியே, றோட்டோரமாக வரிசையில் நின்றன.

"குழாய் அங்கால போகுது மச்சான். வளவுக்குள்ள ஒண்டுமில்ல. கண்ண மூடிக்கிட்டு வெட்டு" என்றான் மஸாஹிர். குழாய் பதிக்கும் வேலையைப் பட்டாளத்திடம் ஒப்பந்தத்துக்கு எடுத்த கொந்தராத்துக்காரன் அவன்தான்.

மஸாஹிர் சொன்னால் நிக்கொலஸுக்கு மேற்கொண்டு கேள்வி கிடையாது. மஸாஹிர், நிக்கொலஸ், பதுர்தீன் மூன்று பேரும் உப்பளத்தில் ஒன்றாகச் சுமை தூக்கியவர்கள். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவர்கள். மஸாஹிர் கொந்தராத்துக்காரன் ஆன பிறகும் பழசை மறக்கவில்லை என்று நிக்கொலஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பாவம், சூதுவாது தெரியாத மனுசன்.

"பதுர்தீன் எங்க, காணேல்ல?"

"மன்னாருக்குப் போய் ஒரு மாசம். நல்ல வேலையாம்." மஸாஹிர் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று நிக்கொலஸுக்கு மனத்தாங்கல்.

உச்சிப்பொழுது ஆனதும் காற்று திடீரென்று நின்றது. களப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. காகம்கூடக் கத்தவில்லை.

சர்... சர்...

சிரட்டையால் மண் வழிக்கும் சத்தம். சுற்றிலும் யாரும் இல்லை. நிக்கொலஸ் அலவாங்கை ஓங்கினான்.

சர்... சர்...

இந்த முறை காலடியில் கேட்டது. மண்ணுக்குள்ளிருந்து.

கூடவே பெற்றோல் வாடை. அதோடு மயிர் கருகிய நாற்றம்.

கான் போகவேண்டிய வழியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். தலையில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. தலவில தேவாலயத் திருநாளில் நிக்கொலஸ் தன் கையால் வாங்கிக் கொடுத்த துண்டு அது.

"பதுர்தீன்?"

அவன் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான். தோல் உரிந்த கை. அதில் ஒரு சிரட்டை.

நிக்கொலஸ் வாங்கினான். ஏன் வாங்கினான் என்று அவனுக்கே தெரியாது. வாங்கி நிமிர்ந்தபோது எதிரே வெறும் மண்தான் இருந்தது.

சிரட்டை சுட்டது.

முழந்தாளிட்டு மெதுவாக வழித்தான். ஒரு சாண்கூட இல்லை, இரும்பு தட்டுப்பட்டது. கையை வைத்தான்; உள்ளே பெற்றோல் ஓடும் அதிர்வு தெரிந்தது. ஓரிடத்தில் தகரம் சுற்றித் தார் பூசியிருந்தது. தாரில் பச்சைக் கட்டத் துணியின் கருகிய நுனி ஒட்டியிருந்தது.

பின்னால் வந்து நின்ற மஸாஹிரின் முகத்தில் ஈயாடவில்லை.

"றோட்டோரம் முழுக்கக் கல்லு மச்சான். நாலடி ஆழம் வெட்டச் சொன்னாங்க, ஏலாமப் போச்சு. வளவுக்குள்ளால போட்டு மூடிட்டன். முளைய மட்டும் தொர சொன்ன இடத்தில நட்டன்."

"பதுர்தீன்?"

"முளைய நம்பி அலவாங்கு போட்டான். பொறி பறந்திச்சு. அண்டைக்குக் குழாய்ல மிச்சம் மீதிதான் இருந்திச்சு, அதால வீடு தப்பிச்சு. அவன் தப்பல்ல. மன்னாருக்குப் போயிட்டானெண்டு ஊருக்குச் சொல்லிட்டன்."

"தெரிஞ்சுகொண்டே என்னை வெட்டச் சொன்னியா?"

"கான் வாணாமெண்டு தொரகிட்ட எப்படிச் சொல்ற? ஏனெண்டு கேப்பாரே. என்னைப் புடிச்சு மறியல்ல போட்டுருவாங்க. நீ பாத்து வெட்டுவாயெண்டு நெனச்சன்."

பதுர்தீன் செத்த துக்கத்தைவிட இந்தப் பேச்சுத்தான் நிக்கொலஸின் நெஞ்சை அறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டு என்று சொன்னதும் இதே வாய்தான்.

மஸாஹிர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நாளைக்குக் காலைல நானே தொரகிட்டச் சொல்றன். அல்லாஹ் மேல ஆணை. நீயும் கூட வா. இண்டைக்கு மட்டும் மூடு மச்சான்."

நிக்கொலஸ் இன்னொரு தரம் நம்பினான். கையாலேயே மண்ணைத் தள்ளி மூடி, சிரட்டையை மேலே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையிலிருந்து துரை வீட்டு வாசல் படலையில் காத்துக் கிடந்தான். மஸாஹிர் வரவே இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது அவனுக்கு ஏதோ பொறி தட்டியது. பழைய வீட்டை நோக்கி ஓடினான். றோட்டோரத்து முளைகள் நேற்றைப் போலவே வரிசையாக நின்றன. அவற்றைத் தாண்டித்தான் வளவுக்குள் பாய்ந்தான்.

தலவிலையிலிருந்து மண் வெட்ட வந்த இளவட்டம் பேதுரு குழிக்குள் குந்தியிருந்தான். அலவாங்கு வேலியில் சாய்ந்திருந்தது. கையில் சிரட்டை. முன்னால் குழாய் மண் நீங்கிக் கிடந்தது.

"உன்னை ஆர் இஞ்ச விட்டது?"

"மஸாஹிர் முதலாளிதான். நிக்கொலஸ் பாதி வெட்டிப் பாத்திட்டான், ஒண்டுமில்லையெண்டு அவனே சொன்னான் எண்டார். நீங்க சொன்னதெண்டபடியாத்தான் அண்ணே, நம்பி வந்தனான்."

இன்னொருவனைச் சாகக் கொடுக்க நிக்கொலஸின் பேரையே எடுத்திருக்கிறான் மஸாஹிர்.

"அப்ப அலவாங்கை ஏன் கீழ வைச்சனி?"

பேதுரு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"நீங்கதானே வைக்கச் சொன்னீங்க. இவ்வளவு நேரமும் இதில முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து, இந்தச் சிரட்டையைத் தந்து..." சட்டென்று நிறுத்தினான். பார்வை நிக்கொலஸின் வெறுந்தலையில் நின்றது. "அண்ணே, தலையில இருந்த பச்சைத் துண்டு எங்க?"

நிக்கொலஸ் வேலிப் பக்கம் திரும்பினான்.

றோட்டோரத்தில் ஒரு முளைகூட இல்லை.

எல்லாம் வளவுக்குள், குழாய் ஓடும் வழியில் நின்றன. கடைசி முளை அவன் காலடியில் நின்றது. அதில் கட்டியிருந்தது வெள்ளைத் துணி அல்ல.