எரியும் என்று எழுதியவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை முடித்து, இன்சு கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் மேசைமேல் வைத்திருந்த போன் பதினாறு முறை அதிர்ந்திருந்தது. விடுமுறை நாளில் அவரைத் தேடும் ஆள் உலகத்திலேயே கிடையாது. ஏதோ விளம்பரமாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தார். 'உங்கள் கருத்துக்குப் புதிய பதில்' என்று பதினாறு வரிகள். பதினாறும் ஒரே கருத்துக்கு. அந்தக் கருத்தை அவர் எழுதி இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆகியிருந்தது.

தென்கொரியாவின் சுவோன் நகரத்தில் மின்னணு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்சு தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவர். தலைவர் என்று பெயர்தானே ஒழிய, அவர் வாயைத் திறந்தால் இளவட்டங்கள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரும்பிவிடும். ஆனால் செய்தித் தளத்தில் கதையே வேறு. அறிவியல், தொழில்நுட்பம், வியாபாரம் என்ற மூன்று பக்கங்களிலும் அவர் வைத்துக்கொண்ட 'அளவுகோல்' என்ற பெயரைத் தெரியாதவர்கள் இல்லை. சில்லு, ராக்கெட், மருந்து, பங்குச் சந்தை என்று எந்தச் செய்தி வந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் அளவுகோல் வந்து ஒரு போடு போட்டுவிட்டுப் போவார். பெயரைத் தொட்டால் ஒருவர் இதுவரை எழுதியது அத்தனையும் வரும். அதில் எத்தனை சதவீதத்தை அவரே நீக்கினார் என்பதும் வரும். இன்சுவின் பெயருக்கு நேரே பூஜ்யம். எழுதியதை ஒருநாளும் அழிக்காத மனுஷன். அந்தப் பூஜ்யத்தை மனைவி மிரானிடம் அவர் இரண்டு முறை காட்டியிருக்கிறார்.

பதில்களைத் திறந்தார்.

'தரிசனத்துக்கு வந்தேன். என் பங்கு முப்பது சதவீதம் ஏறணும் சாமி.'

'நானும் வந்துட்டேன். பொண்ணுக்கு சியோல்ல காலேஜ் சீட்.'

'வரிசைல நில்லுங்கப்பா, தள்ளாதீங்க.'

இது எல்லோரும் செய்வதுதான். ஒருவர் என்றைக்கோ எழுதிய கருத்து பிற்பாடு அப்படியே பலித்துவிட்டால் அந்த இடம் கோயிலாகிவிடும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் யாத்திரை வந்து பதிலில் ஒரு வேண்டுதலைப் போட்டுவிட்டுப் போவார்கள். பாதி கேலி, பாதி நப்பாசை. இன்சுவே எத்தனையோ தலங்களுக்குப் போய்த் தலைவலி தீரட்டும் என்று வேண்டுதல் போட்டிருக்கிறார். தன்னுடைய கருத்துக்கு இப்படி ஒரு கூட்டம் வராதா என்று ஏங்கியும் இருக்கிறார்.

எது பலித்தது என்று மேலே தள்ளிப் பார்த்தார்.

'இந்தப் பேட்டரி எரியவே எரியாதாம். எரியும். இதோடு சேர்ந்து இந்த ஆளும் எரிவார். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.' கீழே நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு லைக்.

முதல் பதிலில் யாரோ நேற்றைய செய்தியை ஒட்டியிருந்தார்கள். தேஜோன் நகரத்தில் வாடகை அறையொன்றில் தீ விபத்து. குளிருக்கு விரிக்கும் மின்சார மெத்தையில் கோளாறு. முப்பத்துநாலு வயது ஆராய்ச்சியாளர் ஓக் ஜுன்வான் உயிரிழந்தார்.

போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தப் பையனின் முகம் நன்றாக நினைவிருந்தது. சின்னக் கம்பெனி, ஐந்தாறு பேர். ஆணி அடித்தாலும் தீப்பிடிக்காத பேட்டரி என்று ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். வெறும் உள்ளங்கையில் பேட்டரியை வைத்துக்கொண்டு, மறு கையால் ஆணியை இறக்கி, தெற்றுப்பல் தெரியச் சிரித்தான். செய்தியின் அடியில் சோதனை எண்கள் இருந்தன. இன்சு ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. நம்பாமல் மறுபடியும் போட்டார். மறுபடியும் சரி. அதற்குள் ஏழு நிமிஷம் போய்விட்டது. 'சரியாகத்தான் இருக்கிறது' என்று எழுதினால் நாலு பேர்கூட லைக் போடமாட்டார்கள். முதல் பத்து நிமிஷத்தில் பிடிக்காவிட்டால் உச்சியில் இடமும் கிடைக்காது. படிவத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அந்த நாலு வரியை எழுதினார்.

மறுநாள் பேப்பரில் 'பொதுமக்கள் சந்தேகம்' என்று செய்தி வந்தது. பொதுமக்கள் என்றால் அவர்தான். பணம் போட வந்தவர்கள் பின்வாங்கினார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும் இன்சு நிம்மதியாகத் தூங்கினார். அதை நினைக்கத்தான் இப்போது உடம்பு கூசியது.

"யேரிம் அப்பா, அதென்ன நிமிஷத்துக்கு நிமிஷம் துடிச்சிட்டிருக்கு?" சமையலறையிலிருந்து மிரான் கேட்டாள். மகள் யேரிம் பூசானில் படிக்கப் போன பிறகும் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "யாராச்சும் போயிட்டாங்களா?"

"ஆபீஸ்ல. சும்மா."

"ஞாயித்துக்கிழமையுமா? அவங்களுக்கு வெக்கமே கிடையாதா?"

வெளியே தூசி மூட்டத்தால் வானம் மஞ்சளாகக் கிடந்தது. காலையிலிருந்தே ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். தரைக்கடியில் ஓடும் வெந்நீரால் அறை கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்போடு, பூண்டு வாசனைக்கும் துணி உலர்த்தும் வாசனைக்கும் அடியில், இன்னொரு வாசனையும் மெல்ல வந்துகொண்டிருந்தது. முடி கருகும் வாசனை. மோந்து பார்த்தால் காணாமல் போகும், மறந்தால் வந்துவிடும்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை, நூற்றுக்கணக்கில் குவிந்துவிட்ட வேண்டுதல்களுக்கு நடுவே நன்றிகளும் இருந்தன.

'சாமி, இப்பதான் வேண்டினேன், அதுக்குள்ள பலிச்சிருச்சு!'

'ஓடிப்போன நாய்க்குட்டி தானா வாசல்ல வந்து நிக்குது. கை நடுங்குது எனக்கு.'

'பதினோரு நாள் கழிச்சு எங்கப்பா கண்ணைத் திறந்துட்டார். கேலிக்குத்தான் எழுதினேன். மன்னிச்சிடுங்க. நன்றி.'

முதலில் நம்பவில்லை. பிறகு ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பல வருஷமாக எழுதுகிற நிஜ ஆட்கள். நன்றிகள் நாற்பதாகி, நூறாகி, நூற்றைம்பதாயின. யாரும் இப்போது கேலி பேசவில்லை. 'அளவுகோல் ஐயா' என்று மரியாதையாக எழுதினார்கள். ஒரு பிள்ளை எரிந்து செத்த சேதிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு கணம், இன்சுவுக்குப் பெருமையாக இருந்தது. உடனே காது மடல்வரை சூடாகி, யாரும் பார்த்துவிட்டார்களா என்பதுபோல் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் அந்தப் பதில் வந்தது. இன்றைக்குப் பதிவான பெயர். இதுவரை எழுதியது: ஒன்று. வயதானவர்கள் எழுதுவதுபோல் புள்ளி, கமா எதுவுமில்லாமல் இருந்தது.

'நான் ஜுன்வானின் அம்மா இங்கே கேட்டால் நடக்கும் என்கிறார்கள் என் மகன் கணக்கு தப்பு என்று இதை எழுதியவர் வீட்டுக்கு என் மகன் ஒரு தடவை போக வேண்டும் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டு உண்மையான பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும் வேறொன்றும் வேண்டாம்'

லைக் மூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருநூறு. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஆயிரத்து எழுநூறு. பதில்களிலேயே முதலாவதாக ஏறி உட்கார்ந்துவிட்டது.

இன்சு தன் கருத்தை நீக்கினார். பதினான்கு வருஷப் பூஜ்யம் போயிற்று. 'எழுதியவரே நீக்கிவிட்டார்' என்று மேலே ஒரு சாம்பல் வரி வந்தது. அடியில் பதில்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அம்மாவின் வேண்டுதலும் இருந்தது.

ஒரே வழிதான் தெரிந்தது. அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுவது. 'அம்மா, நான் கணக்குப் போட்டேன். சரியாகத்தான் வந்தது' என்று தட்டினார். கட்டைவிரல் நின்றது. நாளைக்கு ஆபீஸில் பார்ப்பார்கள். மிரானின் தம்பி பார்ப்பான், அவன் தினமும் இதே பக்கங்களில்தான் கிடக்கிறான். எழுத்தெழுத்தாக அழித்தார். எல்லோரும் போடும் கறுப்பு ரிப்பன் குறியைப் போட்டு, 'அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்' என்று எழுதி அனுப்பினார்.

கருகல் வாசனை கூடியது.

சுவரிலிருந்த அழைப்புத் திரை தானாக வெளிச்சமானது. "வாசலில் விருந்தினர்" என்றது அதிலிருந்த பெண்குரல். அடுக்குமாடியின் கீழ்க்கதவில் யாரும் அழைக்கவில்லை. லிஃப்ட் வந்த சத்தமும் இல்லை. திரையில் தாழ்வாரம் மட்டும் தெரிந்தது. காலி. எதிர்வீட்டுக் குழந்தையின் சைக்கிள்.

"வாசலில் விருந்தினர்."

"திறக்காதே" என்றார் இன்சு.

"ஏன், சர்ச்சுக்காரங்களா இருக்கும். நான் பேசி அனுப்பிடறேன்." மிரான் ஏப்ரனில் கை துடைத்தபடி நடந்தாள்.

"மிரான். வேண்டாம்."

கதவின் மின்பூட்டு பாடியது. குளிர்ந்த காற்று வந்தது. பேச்சுக்குரல். மிரான் சிரித்தாள். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

"யேரிம் அப்பா, உங்களைப் பாக்கத்தான். இந்தத் தம்பி தேஜோன்லேர்ந்து வர்றாராம். வாங்க தம்பி, உள்ள வாங்க. அடடா, இந்தக் குளிர்ல வெறுங்காலோடவா வந்தீங்க?"

இன்சு முதலில் காலைத்தான் பார்த்தார். பிறகு மேலே பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை. சட்டை இல்லை. சட்டை இருக்க வேண்டிய இடத்தில் தோல்மேல் ஒட்டி உருகிய ஏதோ இருந்தது. முகத்தில் ஒரு பாதி இருந்தது. அந்தப் பாதியில் தெற்றுப்பல்.

மிரானின் கண்ணுக்கு இதெதுவும் தெரியவில்லை. மெத்தையிருக்கையை நகர்த்திப் போட்டாள்.

"உக்காரலாங்களா சார்?" என்றான் அவன். குரல் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. தரைமேசைக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான். "ரொம்ப நேரம் இருக்கமாட்டேன். ஒரே ஒரு கேள்விதான். அம்மா காத்திட்டிருப்பாங்க."

இன்சு மேசைமேலிருந்த போனைக் கவிழ்த்தார்.

"அன்னிக்கு நீங்க பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பாத்தீங்கல்ல சார். என்ன வந்துச்சு?"

"எந்தக் கணக்கு?" மிரான் பேரிக்காயும் கத்தியும் தட்டுமாக வந்து, பக்கத்தில் முட்டியை மடித்து உட்கார்ந்தாள். "ஓ, அந்தப் பேட்டரிப் பையன் விஷயமா? அது தப்புன்னு இவர் அப்பவே கண்டுபிடிச்சிட்டாரே! நானே ரெண்டு தடவை கேட்டேன் தம்பி. முகத்தைப் பாத்தா பொய் சொல்ற பிள்ளையா தெரியலையே, நல்லாப் பாருங்கன்னேன். என் தலைல கை வெச்சு சொன்னார், தப்புதான்னு. என் தம்பி அங்க வேலைக்குப் போறதா இருந்தான். இவர் சொன்னதாலதான் போகலை. இவர் அப்படி, தெரியாம ஒரு வார்த்தை எழுதமாட்டார்." தோல் சுருள் சுருளாகத் தட்டில் விழுந்தது. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

அவன் இன்சுவையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல ஆசையாகப் பார்த்தான்.

ஒரு வார்த்தை. சரி. அவ்வளவுதான். சொன்னால் போய்விடுவான்.

"சொல்லுங்களேன்" என்றாள் மிரான்.

"அவ... அவ சொல்றதுதான்" என்றார் இன்சு.

அவன் தலை மெதுவாக ஆடியது. "பரவால்ல சார். அவசரமில்ல. எனக்கு உண்மையான பதில்தான் வேணும். நான் இருக்கேன்." கால்களை மாற்றி, சௌகரியமாகச் சம்மணமிட்டான்.

அவன் உட்கார்ந்த இடத்தைச் சுற்றித் தரைவிரிப்பு நிறம் மாறத் தொடங்கியது. மஞ்சள். காவி. பழுப்பு. வட்டமாக, ஓசையில்லாமல் விரிந்தது. மேசைக்கால் கறுத்தது. வட்டத்தின் விளிம்பு மிரான் மடித்திருந்த முட்டியை நோக்கி வந்தது. ஒரு சாண். நாலு விரல்.

"சார்?" என்றான் அவன் மரியாதையாக.

சொல்லிவிடு. இன்சு வாயைத் திறந்தார். மிரான் நிமிர்ந்து பார்த்தாள். அதே பெருமையோடு. அவர் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு விரல்.

"பேரிக்காய் நல்லா இனிப்பா இருக்கு. எடுத்துக்கோங்க தம்பி" என்றாள் மிரான். அவள் பாவாடை ஓரத்திலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது. அவள் அடுத்த துண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள்.