மூன்றாம் அறையின் அழைப்பு

உச்சிப்பொழுதில் குமரகுருவின் திரையில் ஒரு வரி தோன்றி, போகாமல் நின்றது: மூன்றாம் அறை, அழைப்பு காத்திருப்பில். புதுச்சத்திரம் நெடுஞ்சாலையோரக் கோழிக்கறிக் குளிர்க்கிடங்கில், மூன்றாம் அறையின் குளிரூட்டியை நிறுத்திப் பூட்டி நாற்பது நாளாகிறது.

அந்த அறைக்குள்தான் சுமைதூக்கும் பொன்னன் விறைத்துச் செத்தான். கதவு பூட்டிக்கொண்டதும் அவசரப் பொத்தானை அழுத்தியிருக்கிறான். அப்போது இணையம் அறுந்திருந்தது. குமரகுரு எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல், சர்வரின் பதில் வந்தால்தான் சைரனை ஒலிக்கவிடும்; பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அதில் எழுதவில்லை. விடிய விடியக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்புக்கு ஒரு வரம்பு, டைம்அவுட், வைக்கும்படி கூட வேலை செய்யும் கோகிலவாணி இருமுறை சொல்லியிருந்தாள். காலையில் பொத்தான் அழுத்தப்பட்ட பதிவை அழித்துவிட்டு, "அவன் பொத்தானையே அழுத்தலைங்க" என்று போலீசிடம் சொன்னான் குமரகுரு.

இன்று முப்பது நொடி டைம்அவுட் சேர்த்தான். இணையத்தைத் துண்டித்துச் சோதித்தான். முப்பதாவது நொடியில் சைரன் அலறியது. நிறுத்தினான். திரையில் அந்த வரி மட்டும் போகவில்லை.

சேலத்திலிருந்த கோகிலவாணிக்குப் போன் போட்டான்.

"டைம்அவுட் வெச்சுட்டேனுங்க. பழைய அழைப்பு நிக்க மாட்டேங்குது."

"காத்திருக்கறதத்தான் நாம நிறுத்தறோமுங்க," என்றாள். "அந்தப் பக்கம் கேக்கறது அதுபாட்டுக்குக் கேட்டுட்டேதான் இருக்கும்."

பொத்தானின் ஒயரைப் பிடுங்கிவிடுவது என்று போனை மேசையிலேயே விட்டுச் சாவியோடு நடந்தான். லாரிகளின் இரைச்சலும் கோழி எருவின் வாடையும் அறையை நெருங்க நெருங்க மங்கி, ஈரச் சாக்கு நாற்றமும், எங்கோ நகம் தகரத்தைப் பிறாண்டும் மெல்லிய ஓசையும் மட்டும் மிஞ்சின. திறந்தான். குளிரூட்டி ஓடாத அறையில் அவன் மூச்சு புகையாக வந்தது.

இரண்டடி வைத்தான். கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. சுவரைத் தடவினான். பொத்தான். அழுத்தினான். எண்ணினான். இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

சைரன் அலறியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் காவலாளி சென்னியப்பன், காதில் போனோடு; மறுமுனையில் கோகிலவாணியின் குரல். குமரகுரு கத்த வாயெடுத்தான். பின்னாலிருந்து ஒரு கை வாயைப் பொத்தியது. பனி பூத்த கை.

சென்னியப்பன் அவன் முகத்தையே பார்த்தார்.

"சைரன் அடிச்சுதுங்க அம்மிணி. உள்ளார ஆருமில்லீங்க."

"ஒண்ணும் அவசரமில்ல சாமி," என்றது காதோரம் பொன்னனின் குரல்.

வெளிச்சம் கோடாக மெலிந்தது. உதடுகளின் மேல் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக ஒட்டி உறைந்தன.