முதல் முறை நனைந்த பின்னல்

புதன்கிழமை, காலை 9.10. மேஜைமேல் கிடந்த முடியைத் தொட்ட குர்ஷிதா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இது என் பொண்ணோடது இல்ல."

தாஷ்கண்டில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சோதிக்கின் சவுரிப் பட்டறை அது. திங்கட்கிழமை பட்டுபோல வந்த முழங்கை நீளப் பின்னல் இப்போது ஆட்டுக் கம்பளியாகச் சிக்குப் பிடித்துக் கிடந்தது. குர்ஷிதாவின் மூத்த மகள் நஃபோசா மூன்று வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், புற்றுநோயில் போய்விட்டாள். சிகிச்சைக்காக வெட்டிய பின்னல் அது. ஞாயிற்றுக்கிழமை இளையவள் இரோதாவுக்குக் கல்யாணம். அக்காவின் முடியைச் சவுரியாக்கித் தங்கையின் தலையில் வைத்தால் அவளும் கல்யாணத்துக்கு வந்ததுபோல ஆகுமே என்று தாய் மனசு கணக்குப் போட்டிருந்தது.

9.40க்கு பர்னோ உள்ளே வந்தபோது புகார் கேட்க வந்த போலீஸ் லெப்டினன்ட் ஜஃபர் குறிப்பேட்டைத் திறந்துவிட்டிருந்தான். சவுரி தைக்கும் ஓய்குல் மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

பர்னோ இருபத்தாறு வருஷம் போலீஸ் ஆய்வுக்கூடத்தில் முடிகளைப் பார்த்துக் கண் பூத்தவள். ஓய்வுக்குப் பிறகு இங்கே தரம் பிரிக்கிறாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் விடுப்பில் இருந்ததற்கு இப்போது தன்னையே நொந்துகொண்டாள்.

"யார் வாங்கி வெச்சது?"

"நான்தான்க்கா" என்றான் சோதிக். "சீப்பு வெச்சா வழுக்கிட்டு ஓடுச்சு. முதல் தரம்னு வாய்விட்டுச் சொன்னேன். அந்தம்மாவே சாட்சி."

"நனைச்சுப் பாத்தியா?"

"செத்துப்போன பொண்ணோட முடி. பெத்தவ முன்னாடி அதைப் போய்ச் சோதிக்கச் சொல்றீங்களா?"

பர்னோ ஓய்குல் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்."

"நேத்து மூணு மணிக்குப் பின்னலைப் பிரிச்சுக் கழுவினேன்க்கா. மேல கட்டியிருந்த சிவப்பு நூலை மட்டும் தொடல, வேர்ப்பக்கம் கலைஞ்சிடும்னு. மூணு தண்ணி மாத்தியும் கொழுப்புப் பிடிச்ச பிலாவ் சோத்துச் சட்டி கழுவின மாதிரி வழவழன்னே இருந்துச்சு. காஞ்சதும் இப்படி ஆயிடுச்சு. என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கல."

"சத்தியம் பண்ணாத திருடியை நான் பாத்ததே இல்ல" என்றான் ஜஃபர்.

"ஆய்வுக்கூடத்துல எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு இருந்த பையன்தானே நீ? பேனாவை மூடு."

பர்னோ ஒரு முடியைத் தீக்குச்சியில் பொசுக்கினாள். கருகல் வாடை வந்தது, விரலில் சாம்பலாக உதிர்ந்தது. நைலான் இல்லை, மனித முடிதான். அடுத்து ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். அது மேலே ஏறியது. இன்னொன்றை உருட்டினாள். அது கீழே இறங்கியது.

"ஒரே தலையில வெட்டின முடின்னா எல்லாமே வேர்ப்பக்கமா ஏறும்" என்றாள். "மீன் செதிள் மாதிரி முடிக்கும் செதிள் உண்டு. இது சீப்புல கழியற முடி. நூறு வீட்டுக் குப்பையில பொறுக்கினது, வேரும் நுனியும் கலந்து கிடக்கு. அமிலத்துல முக்கிச் செதிளை அரைகுறையாத் தேச்சு, சாயம் போட்டு, சிலிக்கான் பூசினா முதல் தரத்தைவிடப் பளபளன்னு இருக்கும். தண்ணி படற வரைக்கும்தான் அந்த அழகு."

"நிஜ முடியை வித்துட்டு இதை வெச்சுட்டா!" குர்ஷிதா ஓய்குல்மேல் பாய்ந்தாள். "அது தங்கம்னு இவளுக்குத் தெரியாதா? என் பொண்ணை எங்கிட்ட குடுத்துடு!"

பர்னோ அவளை உட்காரவைத்துப் பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"மூணு வருஷமா எங்க வெச்சிருந்தே?"

"பெட்டியில. சாவி என் கழுத்துல."

"கழுவினது உண்டா?"

"ஐயோ, பிரிக்கக்கூட இல்லக்கா. அவ கை பின்னின பின்னல், அதை எப்படிப் பிரிப்பேன்? எடுத்து முகத்துல வெச்சுப்பேன், அவ்வளவுதான். அவ வாசனை முதல் வாரமே போயிடுச்சு. அதுக்கே தனியா அழுதேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்னதுலேர்ந்து தினமும் நான்தான் வாரிவிடுவேன். வலிக்குதும்மா, மெதுவாம்மான்னு தெருவே கேட்கக் கத்துவா."

"வெட்டும்போது பக்கத்துல இருந்தியா?"

"இல்ல. சாயங்காலமா வாங்கம்மான்னு அனுப்பிட்டா. நான் பாத்தா அழுவேனாம். வந்தப்ப பின்னிக் கட்டி மடியில வெச்சிருந்தா."

"இந்தச் சிவப்பு நூல்?"

"அவ கட்டினது. வலது கையில மருந்து ஊசி. அதனால இடது கையாலயும் பல்லாலயும் இழுத்துக் கட்டினேம்மான்னு சிரிச்சா. பாருங்க, முடிச்சுல பல் தடம்."

பர்னோ உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தாள். முடிச்சை வெகுநேரம் பார்த்தாள். இதைச் சொல்லாவிட்டால் ஓய்குல் திருடி. சொன்னால் இந்தத் தாய்க்கு மகள் இன்னொரு முறை சாவாள். இந்த வேலையை ஏன்தான் கற்றுக்கொண்டோமோ என்று இருந்தது.

10.25. பேனாவை மூடியபடி நின்ற ஜஃபரைப் பார்த்தாள் பர்னோ.

"எல்லாரும் முடியைப் பாத்தோம், முடிச்சைப் பாக்கல. இது மூணு வருஷமா இறுகிக் கல்லாயிடுச்சு. அவிழ்க்கல, வெட்டல, மறுபடி கட்டல. பல் தடம் அப்படியே இருக்கு. முடியை மாத்தணும்னா இந்த முடிச்சை அவிழ்த்தாகணும். அப்போ ஓய்குல் மாத்தல. பெட்டியிலயும் யாரும் மாத்தல. முடிச்சைப் போட்டவங்களேதான் இந்த முடியை உள்ள வெச்சாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "வாசனை முதல் வாரமே போச்சுன்னியே, தங்கச்சி. தலையிலேர்ந்து வெட்டின முடியோட வாசனை ஒரு வாரத்துல போகாது. அந்த வாரம் உனக்கு மணந்தது மேல தெளிச்ச வாசனைத் தண்ணி. மாத்தினது நஃபோசா."

குர்ஷிதா தேநீர்க் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தாள்.

"என் பொண்ணு என்னை ஏமாத்தினாளா? மூணு வருஷமா யார் வீட்டுக் குப்பைக்கோ முத்தம் குடுத்தேனா?"

உடைந்த கிண்ணத்தை ஓய்குல்தான் குனிந்து பொறுக்கினாள்.

மாலை 3.00. பர்னோ குர்ஷிதாவைக் கையைப் பிடித்து நஃபோசா சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். புற்றுநோய் வார்டின் தலைமை நர்ஸ் ஸைனப் குர்ஷிதாவைக் கண்டதும் முகம் வெளுத்தாள்.

"என்னைக்காவது வருவீங்கன்னு தெரியும்மா. சந்தையில அந்தப் பின்னலை வாங்கிக் குடுத்தது நான்தான். இங்க ஒரு ஏழு வயசுக் குழந்தை, மொட்டைத் தலையைக் காட்டமாட்டேன்னு போர்வையை விட்டு வெளியவே வரல. நஃபோசா தன் முடியைக் குடுத்து விக் கட்டச் சொன்னா. 'ஆனா அம்மாவுக்கும் ஏதாவது வேணும், கையில பிடிச்சுக்க ஒண்ணும் இல்லேன்னா அம்மா தாங்கமாட்டா'ன்னா. நிறம் பாத்து நாலு தடவை மாத்தி வாங்கிட்டு வரச் சொன்னா."

"அந்தக் குழந்தை?"

ஸைனப் தலையைக் குனிந்துகொண்டாள். "இதுவரைக்கும் அந்த விக்கை அஞ்சு பேர் போட்டுக்கிட்டாங்க. ரெண்டு பேர்தான் குணமாகி வீட்டுக்குப் போனாங்க."

"ரெண்டு பேரா?" குர்ஷிதா கேட்டாள். "நிஜமாவே போனாங்களா?"

"போனாங்கம்மா. இப்ப சொந்த முடி வளர்ந்து ரெட்டைச் சடை போடறாங்க."

ஆறாவது சிறுமி அந்த விக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஸுமுருத். தோளில் விழுந்திருந்த முடியின் நுனியில் குர்ஷிதா விரலை விட்டாள். நஃபோசாவின் காதோர முடியில் இருந்த அந்தச் சின்னச் சுழிவு விரலுக்குத் தெரிந்துவிட்டது. உருட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் பர்னோவுக்கு இருக்கவில்லை. குர்ஷிதா அந்தத் தலையில் முகம் புதைத்து, சவ அடக்கத்தன்றுகூட அழாத அழுகை அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸைனப்பிடம் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல கல்யாணம். இவளை ஒரு மணி நேரம் அனுப்புவீங்களா?"

"ரத்தப் பரிசோதனை பாத்துட்டு டாக்டர் சொல்லணும்."

"சொல்லட்டும்." பர்னோ பக்கம் திரும்பினாள். "பட்டறையில அந்தப் பொண்ணு ஓய்குலையும் கூப்பிடணும்க்கா. அவ கால்ல விழணும் நான்."

"முதல்ல இவ முடியில இருக்கற சிக்கை எடு" என்று பர்னோ சீப்பை நீட்டினாள்.

குர்ஷிதா ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாரத் தொடங்கினாள். சிறுமி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இது வலிக்காது ஆன்ட்டி. நல்லா இழுத்தே வாருங்க."

ஆனாலும் குர்ஷிதா மெதுவாகவே வாரினாள்.