மூடாத கடலைத் திறந்த நாள்

அம்மாவின் கப்பல் வந்தது. தூரத்தில் நின்றது. அதிலிருந்து இறங்கிய ரப்பர் படகு எங்கள் ஊரை நோக்கிப் பாதி தூரம் வந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

துறையில் நின்ற எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. மூங்கில் குழல் குழு வாசித்துக்கொண்டிருந்த வரவேற்புப் பாட்டு நடுவிலேயே தேய்ந்து நின்றது. மேளக்காரர் மட்டும் அதைக் கவனிக்காமல் இன்னும் நாலு அடி அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னப்பா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"விருந்தாளியே திரும்பிப் போறாங்க. நாம யாருக்கு வாசிக்கிறது?"

என் பெயர் ஓர்பா. வயது பத்து. மிசோல் தீவின் தென்கோடியில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருபத்தேழு வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. என் அம்மா அந்தக் கப்பலில் சமையல் செய்கிறாள். பதினெட்டு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத கரைகளையும் குகைகளையும் பறவைகளையும் காட்டித் திரியும் சின்னக் கப்பல் அது.

அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. கப்பல் எங்கள் ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. இரண்டு மணி நேரம் நிற்கும் என்று மீன் வியாபாரியிடம் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இன்று விட்டால் போச்சு. தெற்குக் காற்று தொடங்கியதும் கப்பல் தொலைவிலுள்ள கொமோடோ தீவுப் பக்கம் போய்விடும். அப்புறம் அம்மாவைப் பார்க்க இன்னும் ஆறு மாதம் ஆகும்.



"எல்லாம் சித்தப்பாவோட சட்டையால வந்த வினை. பார்த்ததும் பயந்து ஓடிட்டாங்க" என்றான் எர்மியாஸ். அவன் என் பெரியப்பா மகன். வாய் சும்மா இருக்காது.

அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பெரிய பெரிய மஞ்சள் பூப் போட்ட புதுச் சட்டை.

"நல்லாத்தானே இருக்கு, ஓர்பா?"

"நல்லா இருக்குப்பா."

அப்பா சீப்பை எடுத்து மறுபடியும் தலை வாரினார். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எஞ்சின் கோளாறு என்றார் ஒருவர். எதையோ மறந்துவிட்டுத் திரும்பி எடுக்கப் போகிறார்கள் என்றார் இன்னொருவர்.

"ஊர் மாறி வந்துட்டாங்களோ?" என்றார் மேளக்காரர்.

"சமைக்கிறவளே நம்ம ஊர்க்காரி. அவளுக்கு ஊர் தெரியாதா?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

அதற்குள் ரப்பர் படகு மறுபடியும் வந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது. குழல்கள் வாய்க்குப் போயின.

எங்கள் ஊரைச் சுற்றிப் பவளத்திட்டு மதில் போல இருக்கிறது. உள்ளே வர ஒரே ஒரு வாய்தான். அதன் இரண்டு பக்கமும் அடையாளத்துக்கு இரண்டு கம்பங்கள் நிற்கும். படகு அந்தக் கம்பங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எழுந்து நின்று கம்பங்களை இப்படியும் அப்படியும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தலை குனிந்தார்.

பிறகு உட்கார்ந்து, படகைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

"யாருப்பா அந்த ஆளு?" என்றான் எர்மியாஸ்.

"கப்பல் தலைவர் யாகுப். இந்தத் தீவோட மேற்குப் பக்கத்துக்காரர். ரொம்ப மரியாதை தெரிஞ்ச மனுஷன்னு உங்க சித்தி சொல்லுவா" என்றார் அப்பா. "கம்பத்துக்கு எதுக்கு மரியாதை பண்றாருன்னுதான் தெரியலை."

நான் மட்டும் அந்தத் தொப்பியையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடலில் எங்கள் ஆட்கள் தொப்பியைக் கழற்றுவது ஒரே ஒரு இடத்தில்தான். வடக்கே சிங்கி இறால் திட்டு இருக்கிறது. அங்கே இப்போது சாசி போட்டிருக்கிறது. சாசி போட்டுவிட்டால், கடவுளிடம் ஒப்படைத்த கடல் அது. திறக்கும்வரை யாரும் நுழையக் கூடாது. அதைத் தாண்டும்போது பெரியவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள்.

எங்கள் ஊரில் சாசிக்கு அடையாளம் ஒரு பலகை. ஆனால் மேற்குப் பக்கத்து ஊர்களில் இன்னும் பழைய வழக்கம்தான். அங்கே பலகை கிடையாது. கம்பத்தில் குருத்தோலை கட்டுவார்கள்.

குருத்தோலை!

எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா வருகிறாள் என்று நேற்று முழுக்கத் தென்னங்குருத்தைப் பின்னித் தோரணம் செய்தவள் நான்தான். வீட்டில் கட்டினேன். துறையில் கட்டினேன். அதோடு நிற்காமல் தோணி எடுத்துக்கொண்டு போய் அந்த இரண்டு கம்பத்திலும் கட்டிவிட்டு வந்தேன்.

என் அம்மா வருகிற வழியை நானே அடைத்திருக்கிறேன்.

எர்மியாஸின் கையைப் பிடித்து இழுத்தேன். "தோணி எடு. கேள்வி கேட்காதே."

"எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

துடுப்புப் போட்டுக் கம்பத்தை அடைந்தோம். எழுந்து ஓலை முடிச்சில் கை வைத்தேன். அப்படியே நின்றேன். கப்பலிலிருந்து யாரோ பைனாகுலரில் எங்களையே பார்ப்பது தெரிந்தது.

"சீக்கிரம் பிய்த்துப் போடு" என்றான் எர்மியாஸ், நான் விஷயத்தைச் சொன்னதும்.

"பிய்த்தா இன்னும் மோசம்டா. ரெண்டு பசங்க சாசி ஓலையைத் திருட்டுத்தனமா பிய்க்கிறாங்கன்னு நினைப்பார். அப்புறம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டார்."

"அப்ப என்னதான் பண்றது?"

அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை. கப்பலில் நங்கூரச் சங்கிலியின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"திரும்பு. உங்கப்பாகிட்ட போறோம்."

எர்மியாஸின் அப்பா மெல்கியாஸ்தான் எங்கள் சபையின் மூப்பர். சாசி போடுவதும், ஜெபம் பண்ணிச் சங்கு ஊதித் திறப்பதும் அவர் வேலை. துறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பெரியப்பா, கப்பல் போறது என்னாலதான். நான் கம்பத்துல ஓலை கட்டினேன். அவர் சாசின்னு நினைச்சுட்டார். நீங்க வந்து திறந்து விடுங்க."

பெரியப்பா தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"நான் மூடவே இல்லையே."

"தெரியும் பெரியப்பா."

"மூடாததை எப்படிம்மா திறக்கிறது? ஜெபம் பண்ணணும். ஜெபத்துல பொய் சொல்ல முடியுமா? 'ஆண்டவரே, உம்மிடம் கொடுத்த கடலைத் திருப்பித் தாரும்'னு கேட்டா, 'எப்படா குடுத்தே?'ன்னு அவரே குழம்பிப் போவார்."

"பொய் சொல்ல வேண்டாம். ஓர்பா தெரியாம கட்டிட்டான்னு நடந்ததையே சொல்லுங்க. ஆண்டவருக்குப் புரியும். யாகுப் மாமாவுக்குத்தான் சங்குச் சத்தம் கேட்கணும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கையில் சீப்பு இன்னும் இருந்தது.

"சங்கை எடுத்துட்டு வாடா" என்றார் எர்மியாஸிடம்.

அதற்குள் கப்பல் நகர ஆரம்பித்துவிட்டது. அந்த எஞ்சின் சத்தத்தில் ஒரு சங்கு என்ன கேட்கும்? போன வருஷம் சிங்கி இறால் திட்டைத் திறந்தது எனக்கு ஞாபகம் வந்தது. சங்கு ஊதியதும் ஊரே தோணிகளில் பாய்ந்துவிடும். ஒரு தோணி கரையில் இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தாலே திறந்துவிட்டது என்று தெரியும்.

"எல்லாரும் வாங்க!" என்று கத்தினேன். "நிஜமாத் திறக்கிற மாதிரி எல்லாத் தோணியும் வரணும்! குழல், மேளம் எல்லாம்!"

"மேளத்தைத் தோணியில ஏத்தினா கவுந்துடும்" என்றார் மேளக்காரர். சொல்லிக்கொண்டே ஏற்றினார்.

முப்பது தோணிகளாவது இருக்கும். ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கிளம்பின. எதற்குப் போகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கு, "ஓர்பா மூடினதை மெல்கியாஸ் திறக்கப் போறார்" என்று பதில் வந்தது. அதைக் கேட்டு இன்னும் குழம்பினார்கள்.

கம்பத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா எழுந்து நின்றார். "ஆண்டவரே, பிள்ளை ஆசையாகச் செய்தாள், அம்மா உள்ளே வரட்டும், ஆமென்" என்றார். இவ்வளவு சின்ன ஜெபத்தை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. பிறகு ஓலையை வெட்டித் தண்ணீரில் விட்டு, கன்னம் உப்பச் சங்கை ஊதினார். குழல்கள் சேர்ந்துகொண்டன. மேளத் தோணி கவிழவில்லை.

கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எர்மியாஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏய், பாரு! நின்னுடுச்சு!"

ரப்பர் படகு பறந்து வந்தது. முன்னால் நின்றுகொண்டிருந்தது என் அம்மா. இடுப்பில் சமையல் துணி, கையில் கரண்டி, முகமெல்லாம் கண்ணீர்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். "ஊரையே மூடிட்டீங்களே! சாவு விழுந்தாத்தான் ஊர் வழியையே மூடுவாங்கன்னு தலைவர் சொன்னார். யாரு போயிட்டாங்க?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றார் அப்பா.

"அப்புறம் எதுக்கு மூடினீங்க?"

"மூடவே இல்லை" என்றார் பெரியப்பா.

"மூடலைன்னா இப்ப எதைத் திறந்தீங்க?" என்றார் யாகுப் மாமா. தொப்பியைப் போடுவதா, கழற்றுவதா என்று தெரியாமல் கையில் வைத்துச் சுழற்றினார். பின்னால் இன்னும் இரண்டு படகுகளில் வந்த விருந்தாளிகள், இது ஏதோ பெரிய திருவிழா என்று நினைத்து எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்மா கட்டினேன்" என்றேன். "வீட்டுல மட்டும் கட்டினா கப்பல்லேருந்து தெரியாது. நீ வரும்போதே பார்க்கணும்னு..."

அம்மா கரண்டியை யாகுப் மாமாவிடம் கொடுத்துவிட்டு எங்கள் தோணிக்குத் தாவினாள். தோணி ஆடியதில் எர்மியாஸ் தண்ணீரில் விழுந்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"பார்த்தேன்டி, தங்கம்" என்றாள் அம்மா, என்னைக் கட்டிக்கொண்டு. "முதல் ஆளா நான்தான் பார்த்தேன்."

விருந்தாளிகள் கரை இறங்கி, மேளம் அடித்துப் பார்த்து, சுட்ட மீன் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். யாகுப் மாமாதான் முதலில் கவனித்தார். கடல் நன்றாக வற்றிவிட்டது. மூன்று ரப்பர் படகுகளும் பவளத்தின் மேல் உட்கார்ந்திருந்தன.

"ஐயோ! இனி எப்ப தண்ணி ஏறும்?" என்று தலையில் கை வைத்தார்.

"சாயங்காலம் ஆகும்" என்றார் அப்பா. அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா பழக்க தோஷத்தில் அடுப்படிக்குப் போனாள். அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அஞ்சு மாசம் ஊருக்கெல்லாம் சமைச்சே. இன்னைக்கு நீ விருந்தாளி."

அப்பா சாகோ பனை மாவில் கிண்டிய கூழ் கட்டி கட்டியாக இருந்தது. மீன் குழம்பில் உப்பே இல்லை. அம்மா மூன்று தட்டு சாப்பிட்டாள்.