நூறில் ஒரு புள்ளியும் இல்லை

நண்பகல். கூடத்தின் மூன்று ஜன்னல்களும் அகலத் திறந்திருந்தன. புதிதாய் வெள்ளையடித்த சுவரில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஆனால் பெரியவளின் கேமரா, அந்த அறை கும்மிருட்டு என்றது.

திரையின் மூலையில் ஐ.எஸ்.ஓ. எண் 25600 என்று நின்றது.

"ஏய், இதுல கை வெச்சியா?"

அடுக்களை வாசலில் சாய்ந்திருந்த தங்கை சிரித்தாள். போன வாரம் படியில் சறுக்கியதில் அவள் வலது கணுக்காலில் வெள்ளைக் கட்டு. "ஆட்டோல போட்டு வெச்சேன். நீ ரூமுக்கு ரூம் திருகிட்டு நிக்கறதுக்குள்ள இந்த வீடே வித்துப் போயிடும்."

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுத்துத் தருவது பெரியவளின் தொழில். அம்மா போன பிறகு அவளுக்கு மிஞ்சிய ஒரே உறவு சின்னவள். எங்கே போனாலும் கூடவே அழைத்துப் போவாள்.

ஐ.எஸ்.ஓ. என்பது ரேடியோவில் ஒலியைக் கூட்டும் திருகு மாதிரி. தூரத்து நிலையத்தைக் கேட்க ஒலியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கூடுகிறதல்லவா, அப்படித்தான் இருட்டில் இந்த எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும், கூடவே மணல் தூவியதுபோல் புள்ளிகளும் வந்து விழும். எண் இரட்டித்தால் வெளிச்சமும் இரட்டிக்கும். நல்ல வெயிலுக்கு நூறே போதும். ஆட்டோவில் விட்டால் கேமராவே இருட்டை அளந்து தனக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொள்ளும். நூறிலிருந்து எட்டு முறை இரட்டித்தால் 25600. அது நிலவுகூட இல்லாத இருட்டுக்கான எண்.

"லென்ஸ் மூடியைக் கழட்டினியா, மேதாவி?"

"வாயை மூடு."

மூடி கழற்றித்தான் இருந்தது. பழுதாக இருக்கும் என்று நினைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். படத்தில் ஜன்னல்கள் கறுப்பாக இருந்தன. வெயிலே இல்லை. கலைந்த புற்றிலிருந்து எறும்புகள் கொட்டினாற்போலப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, சின்னவள் நிற்க வேண்டிய அடுக்களை வாசலில், முகமில்லாத உயரமான உருவம் ஒன்று கையை ஓங்கி நின்றது. கையில் தடித்த கழி. கழியின் நுனியில் குமிழ். காலடியில் யாரோ கிடந்தார்கள்.

நிமிர்ந்தாள். வெயில். சுண்ணாம்பு வாசனை. சின்னவள் கட்டுக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

புள்ளிகள் ஏமாற்றும். மேகத்தில் யானை தெரிவதுபோல் அவற்றில் ஆள் தெரியலாம். ஆனால் புள்ளி குருட்டாம்போக்கில் விழுவது. ஒரு படத்தில் விழுந்தபடி அடுத்ததில் விழாது. வெறும் புள்ளியாக இருந்தால் இன்னொரு படத்தில் அந்த உருவம் கலைந்துவிடும். அந்த நம்பிக்கையில் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

கலையவில்லை. கழி கீழே இறங்கியிருந்தது.

மூன்றாவது படத்தில் ஓங்கியிருந்தது. நான்காவதில் இறங்கியிருந்தது. ஐந்தாவதில் சுவரில் விசிறியடித்தாற்போல் ஒரு கறை. கீழே கிடந்த தலைக்குத் தலையின் வடிவமே இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, உடலோடு நகர்த்திக் கால்வரை வந்தாள்.

வலது கணுக்காலில் வெள்ளைக் கட்டு.

"வெளிய போ. உடனே."

"என்னக்கா ஆச்சு?"

"போடி!"

"இந்தக் காலோட எங்க ஓடறது? பேய் பிடிச்சவ மாதிரி கத்தாத."

எண் மாறியது. 12800. அதே நொடியில் அறையின் வெயில் பாதியாக மங்கியது. மேகமா? வானம் பளிச்சென்றுதான் இருந்தது. 6400. ஜன்னல்கள் பழுப்பாயின. கேமராவின் உலகத்தில் எவ்வளவு விடிகிறதோ, அவள் கண்ணில் அவ்வளவு இருட்டுகிறது. அது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். கேமராவை அது நின்ற மூன்று கால் ட்ரைபாடிலிருந்து கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பத்து விநாடி டைமரை அழுத்தினாள். ட்ரைபாடை மடக்கி, கால்களைச் சேர்த்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தங்கைக்கு முன்னால் போய் நின்றாள். அவன் வரட்டும். இவளைத் தொட என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

1600. 400.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணு…"

இருட்டு. டைமரின் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது. ஈர இரும்பின் நாற்றம். தரையில் உரசல். மூச்சு. அருகில். மிக அருகில்.

தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பி ஓங்கி அடித்தாள். கழி எதிலோ இறங்கியது. எலும்பு நொறுங்கும் ஓசை. விழுந்தது. விடவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. முகத்தில் சூடாகத் தெறித்தது.

"போ வெளிய! அவள விட்டுட்டுப் போ!"

மறுபடி.

கிளிக்.

திரை ஒளிர்ந்தது. மூலையில் நூறு.

நல்ல வெயில். சுவரில் வெள்ளையடித்த மட்டையின் கோடுகள்கூடத் தெரிந்தன. புள்ளி என்று ஒன்றுகூட இல்லை. தரையில் சின்னவள், அக்காவின் தோளைப் பிடிக்க நீட்டிய கை நீட்டியபடியே கிடந்தது. சுவரில் விசிறிய சிவப்பு. அவள்மேல் குனிந்து பெரியவள். ட்ரைபாடின் தலைக்குமிழில் ஒரு கொத்து முடி.

வேறு யாருமே இல்லை.

அறை இருட்டாகவே இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள் அவள். கழியைப் பிடித்திருந்த அவள் கைகள் மறுபடி மெல்ல மேலே உயர்ந்தன.