ரோஸ் தாளில் ஒரு பெயர்

மாடிப்படியில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. கீழே தோவாளை பூச்சந்தையில் பிச்சிக்கு விலை கூவிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் வாயை மூடினார்கள்.

சுபிதா நாற்காலியை விட்டு எழவில்லை. சத்தியநேசன்தான் பாய்ந்து ஓடினார். முப்பது வருடம் கீரிப்பாறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. சுபிதாவுக்கு நாற்பத்து மூன்று. பல வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் பார்த்து, எது விபத்து, எது ஆள் செய்த வேலை என்று பிரித்துச் சொன்னவர். இப்போது பூக்கடைக்கு மேல் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். அங்கே சத்தியநேசனுக்கு வேலை என்று தனியாக எதுவும் இல்லை. எல்லா வேலையிலும் அவர் இருப்பார்.

காக்கி உடையில் ஒரு மனிதரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார் சத்தியநேசன். அந்த மனிதர் நெஞ்சோடு அணைத்திருந்த பெரிய சட்டத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்தன.

“கண்ணாடி போனா போகட்டும் மேடம்,” என்றார் வந்தவர். “உள்ள இருக்கதே கள்ளச் சரக்கு. என் போஸ்டர எவனோ எடுத்துட்டு நகல வச்சிருக்கான்.”

“வெப்ராளப்படாம உக்காருங்க. முதல்ல நீங்க ஆருன்னு சொல்லுங்க,” என்றார் சுபிதா.

அவர் பெயர் கிருஷ்ணமணி. மின்வாரியத்தில் லைன்மேன். அடுத்த வருடம் ஓய்வு. கம்பங்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளைக் கிழித்துப் போடுவதும் அவர் வேலையில் ஒரு பகுதி.

“எல்லாரும் கிழிச்சுப் போட்டாவ. நான் தண்ணி தெளிச்சு, பைய உரிச்சு எடுத்தேன். கச்சேரி போஸ்டர் மட்டுந்தான். கோயில் கொடை, சர்ச் திருவிழா, நாதஸ்வரம், வில்லிசை, மெல்லிசை... ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு.”

“ரெண்டாயிரமா!” என்று சத்தியநேசன் வாயைப் பிளந்தார். “ஒட்டினவனே அவ்வளவு பாத்திருக்க மாட்டானே ஓய்!”

கிருஷ்ணமணி பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு சுவரொட்டிக்கும் ஒரு வரி: உரித்த நாள், கம்பத்தின் எண், அச்சகம், தாளின் நிறம், பாடியவர்கள், வாசித்தவர்கள். தபேலா வாசித்தவர் பெயரைக்கூட அவர் விட்டிருக்கவில்லை. சுபிதா பத்துப் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். எந்த அலுவலகத்திலும் இவ்வளவு சுத்தமான பதிவேட்டை அவர் பார்த்ததில்லை.

“போனது எது?”

“முதல் போஸ்டர். எண்பத்தெட்டுல உரிச்சது. ரோஸ் தாள், மர எழுத்துல அடிச்சது.”

பூதப்பாண்டிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடை விழா. அப்போது அவர் இருபத்திரண்டு வயது ஹெல்ப்பர். மெல்லிசைக் கச்சேரி பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. பந்தலுக்குப் பின்னால் இருந்த கம்பத்தில் அவரை ஏற்றிவிட்டார்கள்.

“சனம் பாயைச் சுருட்டிட்டு எந்திரிக்கி. அந்த இருட்டுல, மைக் இல்லாம, ஒரு குரல். மேடைக்கு எடப்பக்கமிருந்து வந்துச்சு. சினிமாப் பாட்டு இல்ல. கடைசி அடிய ரெண்டு தடவ மேல கொண்டுபோயி, அப்புறம் பைய இறக்கும். எந்திரிச்ச சனம் அப்படியே உக்காந்துட்டு. நான் கையில பீஸ் கட்டைய வச்சுக்கிட்டு போடாம நின்னேன் மேடம். நான் போட்டு வெளிச்சம் வந்தப்ப பாட்டு முடிஞ்சுபோச்சு.”

“பாடினவங்க முகத்தப் பாத்தியளா?”

“இல்ல. கீழ எறங்கி கம்பத்துல இருந்த போஸ்டரப் பாத்தேன். பாடகி குளோரின்னு ஒரே ஒரு பொம்பள பேருதான் இருந்துச்சு. அந்த வருசத்தோட அவுங்க பாட்டையே விட்டுட்டாவளாம். போன மாசந்தான் கண்டுபிடிச்சேன். பால்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆயி, கீரிப்பாறை எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல அக்காகூட இருக்காவ.”

வரும் ஞாயிற்றுக்கிழமை தோவாளை சமுதாயக் கூடத்தில் அவருடைய சுவரொட்டிகளுக்குக் கண்காட்சி. அந்த ரோஸ் தாளின் அடியில் வைத்து குளோரிக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டே நாள் இருக்கும்போது தாளைக் காணோம்.

“நகல்னு எப்படித் தெரிஞ்சுது?”

“மர எழுத்து தாள அமுக்கிப் பள்ளம் போட்டிருக்கும். காலம்பற வெயில் சரிஞ்சு விழும்போது பள்ளத்துல நிழல் நிக்கும். தெனமும் பாப்பேன். நேத்து மேகம் மூடி வெயிலே வரல. இன்னைக்கு வெயில் இருந்தும் நிழல் இல்ல. தாள் தரை மாதிரி கெடக்கு.”

சத்தியநேசன் மேசையைத் தட்டினார். “எடுத்தவன் ஆருன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? ராஜகுமார்.”

நாகர்கோவிலில் பழைய பொருள் வாங்கி இணையத்தில் விற்பவன். மூன்று மாதம் முன்பு கிருஷ்ணமணியின் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தான். ரோஸ் தாளைக் கேட்டுக் கெஞ்சினான்.

“இவனுவளால நல்ல போஸ்டர் ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது மேடம். கோயில் கமிட்டிக்காரன், பிரஸ்காரன், எல்லாருக்கும் ஆசையக் காட்டி மொத்தமா அள்ளிட்டுப் போறான். முன்னெல்லாம் ஒரு சாயா வாங்கிக் கொடுத்தா அச்சகத்துல தூக்கித் தருவாவ. இப்ப என்னைப் பாத்தாலே பீரோவப் பூட்டுகாவ. நேத்து சாயங்காலம் நான் டூட்டியில இருக்கும்போது மறுபடி வந்திருக்கான். பொண்டாட்டி தண்ணி எடுக்க உள்ள போனா. பத்து நிமிசம் அவன் தனியா. இன்னைக்குக் காலையில இதப் பாருங்க.”

செல்போன் திரையில் ரோஸ் சுவரொட்டி. ‘உலகில் ஒரே பிரதி. வெளிநாட்டு அன்பர்கள் முந்துக.’

“போலீஸ்ல சொல்லி அமுக்கிரலாம்,” என்று சத்தியநேசன் சட்டைக் கையை மடித்தார்.

சுபிதா திரையையும் சட்டத்திலிருந்த நகலையும் மாறி மாறிப் பார்த்தார். “படத்துல நடுவுல பெரிய கிழிசல் இருக்கு. நகல்ல அது மயிர்க்கோடு மாதிரி சேந்திருக்கே?”

“போன மாசம் நான்தான் பின்னால மல்துணி வச்சு ஒட்டிச் சேத்தேன். அப்புறந்தான் பொன்னுலிங்கம் கடையில சட்டம் போட்டது. முன்னால உக்காந்து போட்டு வாங்கினேன்.”

“அதுக்கப்புறம் சட்டம் வீட்ட விட்டு வெளிய போச்சா?”

“செவ்வாக்கிழமை குளோரி டீச்சரிட்ட காட்டக் கொண்டுபோனேன். ஒருநாள் இருக்கட்டும்னு கேட்டாவ. புதன்கிழமை சாயங்காலம் அவுங்களே பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து தந்தாவ. அந்தப் பாட்ட ஞாயித்துக்கிழமை பாடணும்னு கேட்டேன். தொண்ட செரியில்லைன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ, பாவம்.”

சுபிதா சட்டத்தைக் குப்புறத் திருப்பினார். பின்புறம் ஒட்டியிருந்த பழுப்புத் தாளின் ஒரு பக்கம் முழுக்கப் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. மற்ற மூன்று பக்கமும் வெள்ளையாய்க் காய்ந்த மைதாப் பசை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் தேன் நிறத்தில் ஏதோ மின்னியது. நகத்தால் நெருடினார். அது உதிரவில்லை, நூல் போல நீண்டு, விட்டதும் சுருங்கிக்கொண்டது.

சத்தியநேசன் மூக்கைச் சுளித்தார். “எங்கயோ பழகின நாத்தமா இருக்கே...”

“யோசிச்சு வைங்க அண்ணாச்சி,” என்ற சுபிதா, தன் போனை எடுத்து ராஜகுமாரின் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘ரோஸ் போஸ்டர் எனக்கு வேண்டும். சரக்கோடு வந்தால் இன்றே எடுத்துக்கொள்கிறேன்.’

ஒரு மணி நேரத்தில் ராஜகுமார் வந்துவிட்டான். கழுத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்க, வெறுங்கையோடு உள்ளே நுழைந்தவன், கிருஷ்ணமணியைக் கண்டதும் திரும்பி ஓடப் பார்த்தான். கதவை அடைத்து சத்தியநேசன் நின்றார்.

“டிக்கெட் எடுக்காம எங்கலே எறங்குக?”

“சரக்கு எங்க?” என்றார் சுபிதா.

“அது... பத்து நாள் ஆகும் மேடம். அட்வான்ஸ் தந்தா...”

“உங்கிட்ட இல்லை. அதுதானே?”

ராஜகுமார் கிருஷ்ணமணியையும் கதவையும் பார்த்தான். பிறகு உடைந்தான். “இல்ல மேடம். எங்க தொழில்ல படத்த முதல்ல போடுவோம். ஆள் மாட்டினா, அப்புறம் சரக்கத் தேடுவோம். நேத்துப் போனதும் கடைசியா ஒரு தடவ கேட்டுப் பாப்போம்னுதான். சத்தியமா நான் தொடல.”

“பொய்யி!” என்றார் கிருஷ்ணமணி.

“இல்லை. இந்த ஒரு விஷயத்துல அவன் சொல்லது நெசம்,” என்றார் சுபிதா. “அவன் போட்டிருக்கது கிழிசல் சேக்கதுக்கு முன்னால எடுத்த படம். ஒரிஜினல் கையில இருந்தா, சேத்து அழகான தாளத்தான படம் எடுத்துப் போடுவான்? இந்த நகலோ, நீங்க கிழிசலச் சேத்த பொறவு எடுத்தது. அதுக்கப்புறம் இவனுக்குக் கிடைச்சது நேத்து வெறும் பத்து நிமிசம். அதுக்குள்ள பிரிச்சு, நகல் எடுத்து, மறுபடி ஒட்ட முடியாது. ராஜகுமார், அந்தப் படத்த இப்பவே எடு. கையில இல்லாத சரக்க வித்த கத போலீசுக்குப் போகாம இருக்கணும்னா, இவர் வீட்டுப் பக்கமே வரக்கூடாது.”

அவன் அங்கேயே நின்று படத்தை நீக்கினான். நீக்கியதைச் சத்தியநேசன் தன் போனில் திறந்து பார்த்த பிறகுதான் கதவு திறந்தது. படியிறங்கும் காலடி ஓய்ந்தது. சத்தியநேசன் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ரப்பர் பாலு! மக்கா, அது ரப்பர் பாலு! முப்பது வருசம் அந்த நாத்தத்துலதான நான் டிக்கெட் கிழிச்சேன்! எஸ்டேட்டுல கிழிஞ்ச புஸ்தகம், உடைஞ்ச சீப்பு, எல்லாத்தையும் மரத்துல கட்டின சிரட்டையில மிஞ்சுன பால வச்சுத்தான் ஒட்டுவாவ!”

“பால் எவ்வளவு நேரம் ஒட்டும் அண்ணாச்சி?”

“மரத்துல பால் வெட்டின அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஒட்டணும். அதுக்கப்புறம் கட்டியாயிரும்.”

“தோவாளையில பூவும் நெல்லுந்தான் உண்டு. புதுப் பாலுக்கு எங்க போக?” என்று சுபிதா எழுந்தார். “வாங்க, கீரிப்பாறைக்குப் போவோம்.”

கிருஷ்ணமணியின் முகம் வெளுத்தது. காரில் போகும் வழியெல்லாம் அவர் நீள நோட்டின் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை வீடுகளுக்கு முன்னால் கொடிகளில் ரப்பர் சீட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசி வீட்டு வாசலில் குளோரி நின்றார். ஒல்லியான உருவம், நரைத்த கொண்டை. கிருஷ்ணமணிக்குப் பின்னால் இரண்டு பேர் வருவதைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்ததும் சுபிதா குரலை உயர்த்தாமல் சொன்னார். “டீச்சர், செவ்வாய் ராத்திரி சட்டத்தப் பிரிச்சிருக்கிய. புதன் காலையில முதல் பஸ்ஸுக்கு நாகர்கோவில் போயி, கலர் நகல் எடுத்து, பதினோரு மணிக்குள்ள திரும்பியிருக்கிய. காலையில வெட்டின பால வச்சுத் தாள ஒட்டியிருக்கிய. காயாத பாலு மணக்கும்னு பயந்து, கிருஷ்ணமணிய வீட்டுக்கு வரவிடாம பஸ் ஸ்டாப்புக்கே கொண்டுபோயி, சாயங்காலக் காத்துல நின்னு கொடுத்திருக்கிய.”

“ஆறே முக்கா பஸ்ஸு,” என்று சத்தியநேசன் மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

“விக்க எடுக்கவன் வெறுஞ்சட்டத்தத்தான் விட்டுட்டுப் போவான். நீங்க கண்காட்சி கெட்டுப்போகக் கூடாதுன்னு, அதே அளவுல நகல வச்சிருக்கிய. இவர் மனசு நோகக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்ச திருட்டு. ஏன்னு மட்டும் எனக்குப் பிடிபடல. கேட்டிருந்தா இவரே தந்திருப்பாரே?”

குளோரி எழுந்தார். உள்ளே போய் ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்தார். புதிய சேலையில் சுற்றியிருந்த ரோஸ் தாள். ஒரு மடிப்புகூட விழவில்லை. கிருஷ்ணமணி அதைத் தொடாமல் கைகளைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு நீங்க திருடினதா நெனைக்க முடியல டீச்சர்,” என்றார். “அந்தப் பாட்டுக்காகத்தான் நான் முப்பத்தேழு வருசமா கம்பம் கம்பமா உரிச்சேன். இந்தத் தாளு உங்களுக்குத்தான்னா, நீங்களே வச்சுக்கிடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து...”

 கொல்லைப்புறத்தில் யாரோ ரப்பர் பால் வாளியைக் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தின் ஊடே, சொற்கள் இல்லாத ஒரு முணுமுணுப்பு. தன் போக்கில் வேலை செய்கிறவர்களின் பாட்டு. அது கடைசி அடிக்கு வந்தது. ஒருமுறை மேலே போனது. இன்னொரு முறை மேலே போய், அப்படியே மெதுவாக இறங்கியது.

கிருஷ்ணமணி நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கண்கள் குளோரியின் முகத்தில் நின்றன. அந்த உதடுகள் மூடியிருந்தன.

சத்தியநேசன் ஏதோ கேட்க வாயெடுத்தார். சுபிதா அவர் முழங்கையைத் தொட்டார்.

குளோரி தாளை இரண்டு கைகளாலும் கிருஷ்ணமணியிடம் நீட்டினார். “இந்த போஸ்டரக் கண்டதுலேருந்து அவ கண்ணாடி மேல விரல வச்சுத் தடவிக்கிட்டே இருந்தா சாரே, கேட்டா உண்மையச் சொல்லணுமேன்னு வாய் வராம, அவளுக்காகத்தான் எடுத்தேன்... அன்னைக்கு இருட்டுல பயந்துபோயி நான் மேடையில ஊமையா நின்னேன்; எடப்பக்கம் என் துணிப்பையப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாடினது எங்க அக்கா ஞானசுந்தரி.”